லூதியானாவுக்கு ஒரு பூனைக் குல்லாய்

எங்கே போனாலும் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடிக்கும் என் அக்காவுக்கு,

உன் மகள் மித்ரா நேற்று ரயிலேறிவிட்டாள். மாமாவுக்கு லூதியானாவில் ஒரு ஸ்வெட்டர் மில்லில் மெஷின் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். இந்த ஒரு செய்தியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மீதி எல்லாம் பயம். அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

மாமா இருந்த நிட்டிங் கம்பெனியில் பாதி மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். லூதியானா மில்லில் பல வருஷமாக இருக்கும் பல்லடத்துக்காரர் ஒருவர்தான் இவரைக் கூப்பிட்டார். தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, எதிரிலேயே பள்ளிக்கூடம், மாமா வேலை முடிந்து வரும்வரை அந்தப் பல்லடத்துக்காரரின் மனைவி மித்ராவைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குளிர் ஒன்றுதான் சரியில்லை.

அவளுக்கும் வந்துவிட்டது அக்கா. நீ இருந்தவரை இல்லை. போன மழைக்காலத்தில் முதல் தடவையாக மூச்சு இழுத்தது. உன் மூக்கு, உன் கோபம், உன் இழுப்பு. மூன்றையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

எனக்குக் குளிர் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில்தான். மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி விழத் தொடங்கினால் யாராவது இருமுவார்கள். இருமியவர்கள் பெரும்பாலும் கடைசி அத்தியாயம் வரைக்கும் வரமாட்டார்கள். அதையெல்லாம் மண்ணரையில் நம் வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, கால் நீட்டி, ரசித்துப் படித்தவள் நான். இப்போது போனில் லூதியானாவின் வானிலையைப் பார்க்கும்போது அந்த இருமல்களெல்லாம் ஒன்றாகக் கேட்கின்றன. படத்தில் ஊரே தெரிவதில்லை. வெள்ளையாக மூடுபனி, அதற்குள் மஞ்சளாக ஒரு வண்டியின் விளக்கு. இந்தக் காற்றையா அவள் இழுத்து விடப்போகிறாள்?

சும்மா பயந்துகொண்டிருக்க முடியாமல்தான் குரோஷா ஊசியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் பீரியடில் நாம் இரண்டு பேரும் கற்றுக்கொண்டதுதானே. நீ பாதியில் விட்டாய், நான் டிவிக்கு ஒரு விரிப்புப் போட்டு முடித்தேன். ஒரு போர்வை, ஒரு குல்லாய், கழுத்துக்கு ஏதாவது. இவ்வளவுதான் திட்டம். நூலை எடுத்தால் கை தானாக ஓடும் என்று நினைத்தேன். டிசைன் தேடுவதிலேயே நாட்கள் போய்விட்டன.

எவ்வளவு அழகாக இருக்கின்றன தெரியுமா? சதுரம் சதுரமாகப் பின்னி, நடுவில் சாமந்திப் பூ வைத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த போர்வைகள். அலை அலையாகக் கோடு போட்டவை. கடலைக்காய் கொட்டினது போல் மேலெல்லாம் குமிழ் குமிழாக நிற்பவை. நரி முகம் போட்ட மஃப்ளர், ஆந்தைக் கண் வைத்த கையுறை. நான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஆபத்து உட்கார்ந்திருக்கும். சாமந்திப் பூவைச் சுற்றி ஓட்டை, அதன் வழியாகக் காற்று போகும். குமிழுக்குள் தூசி அடையும். நரி மஃப்ளரின் நுனியில் குஞ்சம், அதிலிருந்து இழை உதிரும், உதிர்ந்தால் மூச்சுக்குள் போகும். காது மூடும் குல்லாய்க்குத் தாடையில் கட்ட இரண்டு கயிறு. குழந்தைத் துணியின் கழுத்தருகே கயிறு வைத்தால் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்று பனியன் கம்பெனியில் தினமும் கேட்கிற எனக்கு, அந்தக் கயிறு ஊஞ்சலில் மாட்டுவதுதான் முதலில் தெரிந்தது.

பத்திரமாகத் தோன்றிய டிசைன்களோ பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் கழுத்துக்கு ஒரு குழாய், பழுப்பு நிறத்தில் ஒரு குழாய். மித்ராவிடம் காட்டினால் உதட்டைப் பிதுக்கினாள். “இது தாத்தா போடறது சித்தி” என்றாள். பிடிக்காததை அவள் போடமாட்டாள். பள்ளிக்கூட வாசலிலேயே கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாள். அவளுக்கு அழகாகவும் எனக்குப் பயமில்லாமலும் ஒரு டிசைன் வேண்டும். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அருள்புரத்தில் கம்பெனி கேண்டீனில் சாப்பிடும்போதும் தேடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்லர் சரோஜா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்க்கா, லூதியானாவுக்குப் போய் ஸ்வெட்டர் பின்னிக் குடுத்து உடறீங்களாக்கும்? திருப்பூருக்கு யாராச்சும் பனியன் பார்சல் அனுப்புவாங்களாங்க்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கம்பளி விற்பார்கள். ஆனால் மித்ராவுக்கு இழுப்பு உண்டு என்று கடையில் தொங்கும் ஸ்வெட்டருக்குத் தெரியாதே.

கடைசியில் மித்ராவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். பூனைக்காது வைத்த குல்லாய். கயிறு இல்லை, குஞ்சம் இல்லை, நெருக்கமான பின்னல். “இதுதாஞ் சித்தி, இதேதான்” என்று போனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கம்பளி குத்தும், இழை உதிரும் என்று பயந்து, உதிராத செயற்கை நூலாகப் பார்த்து, மாம்பழ மஞ்சளில் வாங்கினேன். அவள் தலையை டேப்பால் அளந்தேன். பின்னினேன். முடித்து மாட்டிவிட்டால், குல்லாய் நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, தாடையில் போய் நின்றது.

என்ன செய்தேன் தெரியுமா? சாம்பிள் செக்ஷனில் கம்ப்யூட்டரில் அளவு போடுகிறவள் அல்லவா நான். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும், அதனால் எந்த அளவைப் போட்டாலும் சுருக்கத்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம். கை பழகிவிட்டது. சுருங்கவே சுருங்காத நூலுக்கும் கூட்டி வைத்திருக்கிறேன். அது போதாதென்று, ஒருவேளை நிறையச் சுருங்கிவிட்டால் காது வெளியே தெரியுமே என்று பயத்துக்கும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். “ஏனம்மிணி, இது கொழந்தைக்குக் குல்லாயா, கொடத்துக்கு உறையா?”

மித்ராவுக்கு ஒரே குஷி. முகம் தெரியாமல் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு வீடெல்லாம் மியாவ் மியாவ் என்று நடந்தாள். கட்டிலில் முட்டி அப்படியே என் மடியில் சாய்ந்தாள். பிரித்துவிட்டுச் சின்னதாகப் போடவேண்டும் என்று யோசித்துக்கொண்டே அவளை அணைத்தேன். அப்போதுதான் கேட்டது. மஞ்சள் நூலுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சீட்டி. மூச்சு விடும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று.

“மித்ரா, என்ன கண்ணு சத்தம்?”

“நானில்லீங்க சித்தி. பூனை. பூனை தூங்குனா இப்படித்தான் சத்தம் வரும்.”

குல்லாயைக் கழற்றினேன். உதடு காய்ந்திருந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அவள் சிரிக்கத்தான் முயன்றுகொண்டிருந்தாள் அக்கா. அந்தச் சிரிப்பு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

மருந்தை இழுக்க வைத்து, முதுகை நீவிவிட்டு, சீட்டி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். மூச்சு சீரானதும் என் காதில் வாயை வைத்துச் சொன்னாள். “அப்பாட்டச் சொல்லிராதீங்க சித்தி. சொன்னீங்கன்னா என்னைய இங்கயே உட்டுட்டுப் போயிருவாரு.”

எத்தனை நாளாக இப்படி மறைக்கிறாள்? கேட்டேன். என் வளையல்களை எண்ணத் தொடங்கினாள்.

உன்னை எடுத்துவந்த அந்தக் காலையைப் பற்றி நான் யாரோடும் பேசியதில்லை. கம்பெனி பஸ் நிறையப் பெண்கள். நீ ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாயாம். பக்கத்தில் இருந்தவள் நீ தூங்குகிறாய் என்று நினைத்து உன் டிபன் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாளாம். ஒரு கையைத் தூக்கியிருந்தால் டிரைவர் எந்த ஆஸ்பத்திரி வாசலில் வேண்டுமானாலும் நிறுத்தியிருப்பார். ஏன் அக்கா தூக்கவில்லை? இழுப்பு அடிக்கடி வருகிறது என்று தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்போம் என்றா? எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்போம். அது உனக்குத் தெரியும். அதனால்தான் உன் மருந்து எப்போதும் பையின் அடியில், சோற்றுப் பாத்திரத்துக்கும் கீழே, துணியில் சுற்றி இருந்தது.

அன்று மாலை மாமா வந்ததும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கே என்மேல் பயமாக இருந்தது. அவள் உயிருக்காகச் சொல்கிறேனா, அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்பதற்காகச் சொல்கிறேனா? நீ போனதிலிருந்து என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். தூக்கத்தில் காலைத் தூக்கி என் மேல் போடாமல் அவளுக்கு விடியாது.

மாமா சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். “நீயே சொல்லு அம்மிணி. உட்டுட்டுப் போகட்டுமா? உங்ககிட்ட இருந்தா எனக்கு ஒரு நிம்மதிதான். நீ என்ன சொல்றயோ அப்படியே செய்யறேன்.”

ஒரு வார்த்தை போதும். நான் வேண்டிக்கொண்டிருந்தது தட்டில் வைத்துக் கொடுத்தது போல் வந்தது. நாளைக்கு டாக்டரிடம் போகலாம் மாமா என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா நல்லவர், ஆனால் எனக்கு வேண்டிய உறுதியை அவரும் தரவில்லை. குளிரில் கூடலாம், கூடாமலும் இருக்கலாம் என்றார். புகை இருக்கும் இடத்தில் விடாதீர்கள், வெளியே போகும்போது மூக்கும் வாயும் மூடியிருக்கட்டும், அங்கே போனதும் ஒரு டாக்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு மித்ராவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, “இதெல்லாத்தையும்விட, ஆரம்பிக்கும்போதே நீ சொல்லணும். உன் நெஞ்சு உனக்குத்தானே தெரியும்?” என்றார். மித்ரா தலையாட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கால் மெதுவாக, சத்தமே வராமல் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அந்த நிமிஷம் எனக்குத் தெளிந்தது அக்கா. இப்போது இவளை விட்டுவிட்டுப் போனால், சொன்னால் அப்பா போய்விடுவார் என்பது நிஜமாகிவிடும். அதன்பிறகு எந்த ஊரிலும், யாரிடமும், எப்போதும் சொல்லமாட்டாள். என் பக்கத்தில் படுத்துக்கொண்டே சொல்லமாட்டாள். நீயும் இதே வீட்டில், என் பக்கத்தில்தானே இருந்தாய்?

“கூட்டிட்டுப் போங்க மாமா” என்றேன். மித்ரா சட்டென்று என்னைப் பார்த்தாள். “ஆனா ஒன்னு. நெஞ்சு இறுக்குதுன்னு இவ சொன்னா, நீங்க திட்டக்கூடாது. ஊருக்கு அனுப்பிருவேன்னு சொல்லக்கூடாது. விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன் அம்மிணி” என்றார் மாமா. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு டிசைன் தேடுவது கொஞ்சம் எளிதானது. கழுத்தில் மாட்டி, வேண்டும்போது மூக்குவரை இழுத்துக்கொள்ளும் குழாய்ப் பின்னல்தான் அவளுக்கு வேண்டியது. தாத்தா போடறது என்று அவள் தள்ளிய அதே குழாய். அதில் பூனை முகம் வைத்த ஒன்று எங்கோ கிடைத்தது. மூக்கும் மீசையும் தனியாகத் தொங்காமல், பின்னலோடு பின்னலாகத் தட்டையாக. மேலே இழுத்தால் பாதி முகம் பூனையாகிவிடும். இந்த முறை சுருக்கத்துக்கு எதுவும் கூட்டவில்லை. துவைத்தேன், காயவைத்தேன், ஒவ்வொரு இழையையும் இழுத்துப் பார்த்தேன். மித்ரா மாட்டிக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவில்லை. பழைய குல்லாயையும் பிரித்து அவள் தலைக்குச் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். போர்வைதான் முடியவில்லை. பாதியில் நிறுத்தி ஓரம் கட்டியதில் மடியை மூடுமளவுக்கு வந்தது. பாதிப் போர்வையோடு குழந்தையை அனுப்புகிறோமே என்று அதற்கும் ஒரு பயம்.

பக்கத்து லைன் வீட்டு சுனிதாவைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ போன பிறகு பீகாரிலிருந்து வந்தவள், செக்கிங் வேலைக்குப் போகிறாள். இங்கே வருவதற்கு முன் அவளும் புருஷனும் லூதியானாவில்தான் இருந்தார்களாம். கேட்டதும் கண்ணை விரித்து, “அய்யோ தீதி, அங்கே ரொம்ப டண்டு, ரொம்பக் குளிரு! தண்ணியில கை வெச்சா, கை எங்கேன்னு தேடணும்!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அவளிடம்தான் போய்க் கேட்டேன். மூச்சு விட முடியவில்லை என்பதற்கு இந்தியில் என்ன? சுனிதா மித்ராவைத் திண்டாட வைத்துவிட்டாள். “முஜே ஸான்ஸ் நஹீ ஆ ரஹீ.” மித்ரா மெல்ல முணுமுணுத்தாள். “இப்படிச் சொன்னா கொசுவுக்குக்கூடக் கேக்காது. கத்து!” மித்ரா கொஞ்சம் கூட்டினாள். “இன்னும்! நான் டீச்சர், தூரமா நிக்கிறேன், போன் பேசறேன்!” சுனிதா வாசலுக்கு ஓடிப்போய் முதுகைக் காட்டி நின்றாள். மித்ரா கத்தினாள். லைன் வீடு முழுக்கக் கதவு திறந்தது. அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஏஞ்சாமி, எம்பட மூச்சு நின்னு போச்சு போ” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஸ்டேஷன். மருந்தைக் கவுனின் முன்பக்கத்துப் பையில், கைக்கு எட்டும்படி, வெளியே தெரியும்படி வைத்தேன். அவள் ஜன்னலோரம் கேட்டாள். மாமா தடுமாறி என்னைப் பார்த்தார். நீ கடைசியாகத் தலை சாய்த்த ஜன்னல்தான் எனக்கும் ஞாபகம் வந்தது. உட்காரட்டும் மாமா என்றேன். ரயில் நகர்ந்தது. பூனை முகத்தோடு கையாட்டிக்கொண்டே போனாள்.

இன்று மத்தியானம் போன் வந்தது. “அம்மிணி, பயப்படாத” என்றுதான் மாமா ஆரம்பித்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஏதோ ஒரு ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறார். திரும்பி வருவதற்குள் கம்பார்ட்மென்டே எழுந்து நின்றதாம். எதிர்சீட்டில் இருந்த இந்திக்கார அம்மாள் மித்ராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க, மித்ரா மருந்தைத் தானே எடுத்து இழுத்துக்கொண்டிருந்தாளாம். யாரோ ஜன்னலைத் திறந்தார்களாம். யாரோ இவரைத் தேடிப் பிளாட்பாரத்தில் ஓடினார்களாம்.

“அவகிட்டக் குடுங்க மாமா.”

“சித்தி, சொல்லிட்டேன். கத்திச் சொன்னேன். அந்தம்மாளுக்குப் புரிஞ்சிருச்சு.”

“அப்பா என்ன கண்ணு சொன்னாரு?”

“ஒன்னுஞ் சொல்லலீங்க. மடியில வெச்சுக்கிட்டாரு.”

பின்னால் ரயில் சத்தம். அதைத் தள்ளிவிட்டு அவள் மூச்சை மட்டும் கேட்கப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இன்னும் டில்லிகூட வரவில்லை. குளிர் இனிமேல்தான் இருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் அக்கா, அவள் கத்தினாள். முன்பின் தெரியாத ஒரு கம்பார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். குளிருக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அவள் முடியவில்லை என்று சொல்லும் எந்த நாளிலும், சொன்ன குற்றத்துக்காக அவளிடமிருந்து எதையும் யாரும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன். அப்பாவையோ, பள்ளிக்கூடத்தையோ, நாளைக்குப் பெரியவளானால் அவளுடைய வேலையையோ. எடுத்துக்கொள்ள நினைப்பது நானாகவே இருந்தாலும் விடமாட்டேன்.

மித்ராவுக்குச் சித்தியாக,
உனக்கு என்றைக்கும் தங்கச்சியாக,
நான்.